திண்ணையிலிருந்து இறங்கிய வாத்தியார்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தமிழ்க் கிராமத்து வாத்தியாரைப் பற்றி நம்மிடம் இரண்டு கதைகள் புழங்குகின்றன. அதிகாரிகளும் பாதிரிகளும் எழுதிவைத்த கதையில் அவர் கையில் பிரம்போடு திண்ணையில் உட்கார்ந்து, தமக்கே பொருள் விளங்காத செய்யுளைப் பிள்ளைகளின் தலையில் திணிக்கும் அரைகுறை. 1983இல் தரம்பால் கம்பெனிக் காலத்து ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகு வலுப்பெற்ற மற்றக் கதையில் அவர் செழித்து நின்ற ஒரு மரத்தின் வேர். அந்நியன் வெட்டாதிருந்தால் நாடு முழுதும் நிழல் விழுந்திருக்கும். இரண்டு கதைகளிலும் வாத்தியார் ஒரு சின்னம். சின்னத்துக்கு வயிறு கிடையாது. அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது, மனைவி மக்கள் என்ன ஆனார்கள் என்பதில் இரு தரப்புக்கும் அதிக அக்கறை இருந்ததில்லை. இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், தமிழில் அறிவுழைப்பு எந்த நிலைமைகளில் நடந்து வந்திருக்கிறது என்பதும் கொஞ்சம் துலங்கும் என்று நினைக்கிறேன். எங்கள் திண்டுக்கல் சீமையில் உருவான ஒரு வாத்தியாரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன் அவருக்கு முந்திய தலைமுறையைப் பார்த்துவிட வேண்டும்.

சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் எல்லாக் கலெக்டர்களையும் தத்தம் ஜில்லாவின் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுத்து அனுப்பச் சொன்னார். மதுரைக் கலெக்டர் ரௌஸ் பீட்டர் 1823இல் அனுப்பிய கணக்கில் 844 பள்ளிக்கூடங்கள், 13,781 பிள்ளைகள். (திண்டுக்கல் அப்போது மதுரை ஜில்லாவில் அடக்கம், தனி மாவட்டமானது 1985இல்.) பையன்களில் பிராமணர் 1,186, சூத்திரர் என்று குறிக்கப்பட்டவர்கள் 7,247. படிப்பு முழுக்கப் பிராமணர் கையிலேயே இருந்தது என்று சொல்லி வந்தவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். பெண்கள் 105 பேர்தான். அவர்களும் அநேகமாகக் கோயிலில் ஆடுவதற்கென்று விடப்பட்டவர்கள். மாகாணம் முழுவதற்கும் சேர்த்துக் கிடைத்த தொகை 12,498 பள்ளிக்கூடங்கள். ஏறக்குறைய ஆயிரம் ஜனங்களுக்கு ஒன்று.

பழைய பெருமையைப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். மன்றோ நிற்கவில்லை. 1826 மார்ச்சில் எழுதிய குறிப்பில், வாத்தியார்களில் பெரும்பாலோர் மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் சம்பாதிப்பதில்லை என்றும், அந்த வருமானத்துக்குத் தகுதியுள்ளவர்கள் இந்தத் தொழிலுக்கு வரமாட்டார்கள் என்றும் சொல்கிறார். தாலுகாவுக்கு ஒரு பள்ளி வைத்து, வாத்தியாருக்கு மாதம் ஒன்பது ரூபாய் சர்க்கார் சம்பளம் கொடுக்கலாம் என்பது அவர் யோசனை. அடுத்த ஆண்டே அவர் காலரா கண்டு இறந்தார். தொடங்கிய சில பள்ளிகளும் 1836இல் கைவிடப்பட்டன. மதுரைக் கணக்கை வகுத்துப் பார்த்தால் ஒரு பள்ளிக்குச் சராசரி பதினாறு பிள்ளைகள் வருகிறார்கள். அந்தப் பதினாறு வீடுகள் கொடுப்பதுதான் வாத்தியாரின் ஜீவனம். ஒரு வீட்டில் மாடு செத்தால் அந்த மாதம் அவர் வருமானத்தில் பதினாறில் ஒரு பங்கு போயிற்று.

ஆகவே அவர் என்றைக்கும் வெறும் வாத்தியாராக இருந்ததில்லை. எங்கள் பக்கத்தில் அண்ணாவி என்பார்கள். அண்ணாவி பத்திரம் எழுதுவார், வந்த ஓலையைப் படித்துக் காட்டுவார், நாள் பார்ப்பார், சூரணம் இடித்து வைத்திருப்பார், கோயிலிலோ சாவடியிலோ பாரதம் வாசித்துப் பொருள் சொல்வார். அய்யலூர், வடமதுரை, வேடசந்தூர்ப் பக்கம் கரடும் புன்செய்யுமான பூமி; கூலியோ காணிக்கையோ காசாக வருவதை விடச் சோளமாக, கம்பாக வரும். மழை தவறினால் அதுவும் இல்லை. நவராத்திரியில் பிள்ளைகளைக் கோலாட்டத்தோடு வீடுவீடாக அழைத்துப்போய்ப் பாடச் சொல்லி, கிடைப்பதை வாங்கிக்கொள்வது வருஷத்துக்கொரு போனஸ். மானம்பூப் பாட்டு என்று இதை உ. வே. சாமிநாதையர் தம் சுயசரிதத்தில் விவரிக்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தந்தை சிதம்பரம் பிள்ளையும் இப்படிப்பட்ட வாத்தியார்தான்: மதுரையை விட்டுப் போய்த் திருச்சிப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தவர். சம்பளம் போதாமல் செய்த இந்தப் பக்கவேலைகளை வறுமையின் அடையாளமாக மட்டும் பார்த்தால் ஒன்றைத் தவறவிடுவோம். பாரதமும் மருந்தும் பஞ்சாங்கமும் அவரைக் கிராமத்து வாழ்க்கையில் பல இடங்களில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தன. பாடம் சொல்லாத நேரத்திலும் அவர் ஏதோ ஒரு வித்தையோடு இருந்தார்.

இந்த ஏற்பாட்டில் யாருக்கு இடமில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். திண்ணை என்பது ஒரு வீட்டின் திண்ணை, ஒரு தெருவின் திண்ணை. தெருவுக்குள்ளேயே வரக்கூடாதென்று வைக்கப்பட்டவன் அதில் ஏறி உட்கார்ந்திருக்க முடியாது. எண்ணிக்கை எவ்வளவு பெரிதானாலும் இந்த உண்மை மாறாது. மரத்தின் நிழலைப் பற்றிப் பேசுகிறவர்கள், வெயிலில் நின்றவர்களின் கணக்கை எடுப்பதில்லை.

இனி ஒரு சரித்திர விநோதம். திண்ணைப் பள்ளியில் மூத்த பையனான சட்டாம்பிள்ளை சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். எழுத்தை முதலில் மணலில் விரலால் எழுதிப் பழக வேண்டும். சென்னை எழும்பூரில் ராணுவ அநாதைப் பிள்ளைகளின் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரி, நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து அதைத் தம் பள்ளியில் கொண்டுவந்தார். மாணவனைக் கொண்டே மாணவனுக்குப் போதிக்கும் முறையையும் அங்கே வளர்த்தார். 1797இல் லண்டனில் அதைப் புத்தகமாக்கினார். மதராஸ் முறை என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துத் திருச்சபைப் பள்ளிகளில் பரவியது. விக்டோரியா பட்டத்துக்கு வந்த 1837இல் இங்கிலாந்துக் கிராமங்கள் பலவற்றில் நடந்த பள்ளிக்கூடம், ஆசிரியர்களுக்குக் கொடுக்கக் காசில்லாத நாட்டில் பிறந்த ஒரு சிக்கன ஏற்பாட்டின் வாரிசு. ஏழைப் பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் எழுத்தறிவு என்பதுதான் இரண்டு இடத்திலும் நோக்கம்.

அந்த நாட்டுக் கிராமத்து வாத்தியாருக்கும் தனி வாழ்க்கை என்று அதிகம் இருக்கவில்லை. பள்ளியோடு ஒட்டிய வீடு. மனைவி பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லித்தருவாள். மகளோ மகனோ பதின்மூன்று வயதில் மாணவ ஆசிரியராகச் சேர்வார்கள். குடும்பமே பள்ளிக்கு எழுதிக்கொடுத்த குடும்பம். 1862இல் ராபர்ட் லோ கொண்டுவந்த சட்டம் இதற்கு மேல் ஒரு சுருக்கைப் போட்டது. இன்ஸ்பெக்டர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பரீட்சிப்பார். தேறிய பிள்ளைக்குத்தான் மானியம். அப்போது இன்ஸ்பெக்டராக இருந்தவர்களில் ஒருவர் மாத்யூ ஆர்னால்ட். 1851 முதல் 1886 வரை முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த உத்யோகத்தைப் பார்த்தார். இந்த முறை பள்ளியை யந்திரமாக்குகிறது என்று தம் இலாகாவையே எதிர்த்து எழுதினார். கலாசாரத்தைப் பற்றி அவர் எழுதியதை நம் கல்லூரிகளில் தனியே எடுத்துப் படிக்கிறோம். அந்தச் சிந்தனைக்குப் பின்னால், வாசிக்கத் தெரியாமல் மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கும் பிள்ளைகளை வருஷம் முழுவதும் உட்கார்ந்து கேட்ட ஒரு மனிதனின் அலுப்பு இருக்கிறது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அதே மானிய முறை 1860களிலேயே நம் மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. திண்ணை வாத்தியாரும் அதில் சேரலாம். சேர்ந்தால் சர்க்கார் பாடப்புத்தகம், ஆஜர்ப் பட்டி, பரீட்சை. இன்ஸ்பெக்டர் கேட்காத நிகண்டுக்கும் சதகத்துக்கும் கூலி கிடையாது. இங்கே ஒரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. பழைய வாத்தியாரின் பல வித்தைகளில் பரீட்சைக்கு உரியது மட்டும் தொழிலாகி, மற்றவை அநாவசியமாயின. வருமானமாவது ஏறியதா என்றால், அதுவும் பிள்ளைகள் தேறுவதையும் தேறாததையும் பொறுத்தது. முன்பு பதினாறு வீட்டை நம்பியிருந்தவர் இப்போது இன்ஸ்பெக்டரின் ஒரு நாள் வருகையை நம்ப வேண்டியதாயிற்று.

இந்தச் சந்தியில்தான் ஆபிரகாம் பண்டிதர் வருகிறார். இசை ஆராய்ச்சிக்காரராக அவரை எல்லோருக்கும் தெரியும். முப்பது வயது வரை அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார் என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போவது வழக்கம். அந்த ஒரு வரிதான் நமக்கு வேண்டியது.

1859 ஆகஸ்ட் 2ஆம் தேதி, தென்காசிப் பக்கத்துச் சாம்பவர் வடகரையில், முத்துசாமி – அன்னம்மாள் தம்பதிக்குப் பிறந்தார். நாடார் கிறிஸ்தவக் குடும்பம். 1870களின் நடுவில் திண்டுக்கல் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 1857 கலகத்துக்குப் பிறகு, நாட்டு மொழிகளில் கிறிஸ்தவக் கல்வியைப் பரப்பவென்று இங்கிலாந்தில் 1858இல் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. தமிழில் அதுவரை அச்சான புத்தகங்களுக்கு 1865இல் அட்டவணை போட்ட ஜான் மர்டாக் அதன் முக்கிய ஊழியர். திண்டுக்கல் பள்ளி அந்தச் சங்கத்தைச் சேர்ந்தது. யார்க் என்ற ஆங்கிலேயர் நடத்தினார். எந்தத் தெருத் திண்ணையையும் நம்பாமல், ஒரு நாடார் பையன் படித்து வாத்தியாராகலாம் என்ற வழி இங்கே திறந்தது. நாடார்கள் கோயிலில் நுழைந்ததற்காகக் கமுதியில் 1897இல் தொடங்கிய வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது என்பதை நினைத்துக்கொண்டால், அதற்கு இருபது வருஷம் முந்திய இந்த வழியின் மதிப்பு தெரியும். காலனியக் கல்வியை ஒரே வார்த்தையில் அடிமைக் கல்வி என்று தள்ளிவிடுகிறவர்களுக்கு இந்த இடத்தில் பதில் இருக்காது.

அவர் திண்டுக்கல்லில் இருந்த காலம் லேசான காலமல்ல. திருச்சியிலிருந்து அய்யலூர் வழியாக வரும் இருப்புப் பாதை 1875இல் மதுரை வரை முடிந்தது. மறு வருஷமே தாது வருஷப் பஞ்சம் தொடங்கி 1878 வரை மாகாணத்தை வாட்டியது. தானியமாகக் கூலி வாங்கி வந்த அண்ணாவிகளுக்குப் பஞ்ச காலத்தில் பள்ளி என்று ஒன்று நடந்திருக்க நியாயமில்லை. பயிற்சிப் பள்ளியின் சுவருக்குள் இருந்தவருக்குச் சங்கத்தின் ஆதரவு உண்டு. பயிற்சி முடிந்து ஆபிரகாம் அங்கேயே ஆசிரியரானார்.

அதோடு அவர் நிற்கவில்லை என்பதுதான் விஷயம். திண்டுக்கல் சடையாண்டி பத்தரிடம் பிடில் கற்றார். பழைய ஏட்டு வைத்தியத்தில் ஈடுபாடு உண்டாயிற்று. கம்பம் பக்கத்துச் சுருளி மலைக்குப் போய்க் கருணானந்தர் என்ற முனிவரைச் சந்தித்து மருந்து முறைகளைத் தெரிந்துகொண்டார். பிற்காலத்தில் தம் மருந்துகளுக்கும் தம் பெரிய புத்தகத்துக்கும் அவர் பெயரையே சூட்டினார். கவனித்தால், இது பழைய அண்ணாவியின் பட்டியல்: பாட்டு, மருந்து, ஏடு. பயிற்சிப் பள்ளி எதை அநாவசியமென்று விலக்கியதோ அதையெல்லாம் பயிற்சி பெற்ற வாத்தியார் ஓய்வு நேரத்தில் தேடிப் போயிருக்கிறார். ஜாதியால் திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர், திண்ணை வித்தைகளைப் பின்வாசல் வழியாக எடுத்துக்கொண்டார்.

1882இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். மறு வருஷம் இருவரும் தஞ்சாவூருக்குப் போய் லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். மனைவி தலைமையாசிரியை, கணவர் தமிழாசிரியர். இங்கிலாந்துக் கிராமத்தில் மாஸ்டரின் மனைவி தையல் வகுப்பு எடுக்கும் ஏற்பாட்டோடு ஒப்பிட்டால் இங்கே வரிசை தலைகீழ். மதுரை ஜில்லா முழுவதிலும் 105 பெண்பிள்ளைகள் என்று எழுதி அறுபது வருஷம் ஆகியிருந்தது. ஒரு தமிழ்ப் பெண் பள்ளிக்கூடத்துக்குத் தலைவியாக உட்கார, கணவர் அதே கட்டிடத்தில் அவளுக்குக் கீழ் பாடம் சொல்கிறார். நம் சமூக சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்தக் காட்சியை இன்னும் சரியாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. அதே காலத்தை வைத்து 1895இல் ஹார்டி எழுதிய நாவலில் பிலட்சன் என்ற கிராமத்து வாத்தியார், தன்னோடு பள்ளியில் பாடம் சொன்ன மனைவியை அவள் விரும்பியபடி போக விடுகிறான். அந்தக் குற்றத்துக்காக அவன் வேலை போகிறது. வாத்தியாரின் குடும்பம் ஊருக்குச் சொந்தம் என்பது அந்த நாட்டு நியதி. தஞ்சாவூர்த் தம்பதி வேறு விதத்தில் அதிலிருந்து வெளியேறினார்கள்.

1890இல் இருவரும் வேலையை விட்டார்கள். அதற்குள் மருந்து வியாபாரம் குடும்பத்தைத் தாங்கும் அளவுக்கு வளர்ந்திருந்தது. கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் இந்தியாவுக்கு வெளியேயும் போயின. ஊருக்கு வெளியே பெரிய தோட்டம், பயிர் ஆராய்ச்சி, 1909இல் ராவ் சாகிப் பட்டம், சொந்த அச்சுக்கூடம். 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்துவான்களைத் தம் செலவில் தஞ்சாவூருக்கு வரவழைத்து மாநாடுகள் நடத்தினார். 1917இல் ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட கருணாமிர்த சாகரம் அவருடைய அச்சுக்கூடத்திலேயே அச்சாயிற்று. 1919இல் இறந்தார்.

புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்தாயிக்கு 22 சுருதி என்ற சாரங்கதேவர் வழிக் கணக்கை மறுத்து, பழந்தமிழர் கையாண்டது 24 என்று நிலைநாட்டுவது அதன் மையம். சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அச்சிட்டிராவிட்டால் இந்த விவாதம் சாத்தியமில்லை. விவாதம் நடக்கும் முறை ஒரு பள்ளி ஆசிரியருடையது. எதையும் கணக்குப் போட்டுக் காட்டுவார், அட்டவணை போடுவார், எதிராளியின் எண்ணைத் திரும்பக் கூட்டிப் பார்த்துத் தப்பு எங்கே என்று சுழிப்பார். அதன் பலவீனமும் அங்கேதான். கடல்கொண்ட தென்மதுரையைப் பற்றிய பகுதிகளில், நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமாக வைத்துக்கொண்டு நீள்கிறார். பக்தியோடு முழுப் புத்தகத்தையும் ஏற்பதும், அந்தப் பகுதிகளைக் காட்டி முழுதையும் ஒதுக்குவதும் ஒரே சோம்பலின் இரு வடிவங்கள். தமிழ் இசையைச் செவிவழி மரபிலிருந்து விவாதத்துக்குரிய ஒரு துறையாக மாற்றியதில் அவருடைய பங்கு முதன்மையானது என்பதை அந்தப் பிழைகள் குறைத்துவிடவில்லை.

1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டில் அவர் தம் கணக்கை முன்வைத்தபோது, அதை வீணையோடு பாடிக் காட்டியவர்கள் அவர் மகள்கள் மரகதவல்லியும் கனகவல்லியும். மகன் வரகுண பாண்டியன் 1950இல் யாழைப் பற்றிப் பாணர் கைவழி என்ற நூலை எழுதினார். வாத்தியார் குடும்பம் என்ற ஸ்தாபனம் கலையவில்லை; பள்ளிக்கு உழைத்த குடும்பம் ஆராய்ச்சிக்கு உழைத்தது. ஆனால் தலைப்பில் ஒரு பெயர்தான் இருக்கிறது. பொன்னம்மாள் நடத்திய பள்ளியும், அவர் சம்பளம் கைகொடுத்த ஏழு வருஷமும் அந்த ஆயிரம் பக்கத்தின் அடியில் மறைந்து கிடக்கின்றன.

திண்டுக்கல்லுக்கு அந்தப் பக்கம் வத்தலக்குண்டில் பிறந்த ராஜமையர், பண்டிதர் வேலையை விட்ட சில வருஷங்களில், 1893 முதல் விவேக சிந்தாமணியில் கமலாம்பாள் சரித்திரத்தை எழுதினார். அதில் வரும் தமிழ் வாத்தியார் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை நம் உரைநடையின் முதல் பெரிய ஹாஸ்யப் பாத்திரங்களில் ஒருவர். நூல்களைக் கரைத்துக் குடித்திருக்கிறார், உலகம் தெரியவில்லை. இங்கிலீஷ் படித்த இளைஞர்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ராஜமையரின் கருணையால் நாமும் கொஞ்சம் வாஞ்சையோடு சிரிக்கிறோம். அந்தச் சிரிப்பு ஒரு காலகட்டத்தின் தீர்ப்பு. வித்தை முழுவதும் கைவசம் இருந்தும், அதை இப்போதைய உலகத்தில் எங்கே வைப்பது என்று தெரியாதவர் அம்மையப்ப பிள்ளை. பண்டிதர் அதை மருந்துக் கடையில் வைத்தார், அச்சுக்கூடத்தில் வைத்தார். வாத்தியாராகவே இருந்திருந்தால் அவருக்கும் அம்மையப்ப பிள்ளையின் கதிதான்.

இதை வெற்றிக் கதையாகச் சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. ஒரு பெரிய புத்தகம் எழுத ஒரு வாத்தியார் வாத்தியார் வேலையை விட வேண்டியிருந்தது என்பதுதான் இதன் சாரம். மன்றோ 1826இல் சொன்னதன் மறுபாதி இது. குறைந்த கூலிக்குத் தகுதியுள்ளவன் வரமாட்டான் என்றார் அவர். வந்தவன் தகுதி பெற்றதும் போய்விடுவான் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய திண்ணை குறைவாகக் கொடுத்தாலும், பாட்டையும் மருந்தையும் ஏட்டையும் தொழிலுக்குள்ளேயே வைத்திருந்தது; அதில் ஏற முடியாதவர்கள் பலர். புதிய பள்ளி அவர்களில் சிலரை உள்ளே விட்டது. விடும்போதே அந்த வித்தைகளை வாசலில் கழற்றி வைக்கச் சொன்னது. இரண்டில் எதையும் பொற்காலம் என்று கொண்டாட வழியில்லை.

பகலில் வங்கிக் கவுண்டரில் மற்றவர் பணத்தை எண்ணிவிட்டு இரவில் எழுதுகிறவனுக்கு இந்தச் சரித்திரம் அந்நியமாகப் படாது. நம் சிறுபத்திரிகைகளே சம்பளத்துக்கு வெளியே எஞ்சிய மணிகளில் தயாராகிறவை. சம்பளம் தராத வேலையில்தான் நம் விமர்சனமும் கவிதையும் நடக்கின்றன என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பெருமையில் பண்டிதரை முன்னோடியாக வைப்பதற்கு முன், வேலையை விட மருந்து வியாபாரம் வாய்க்காத மற்ற வாத்தியார்களை நினைக்க வேண்டும். ரௌஸ் பீட்டரின் 844 பள்ளிகளில் ஒன்றுக்காவது வாத்தியாரின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. அவர்களிடம் எழுத்துப் படித்த பிள்ளைகளின் தொகை மட்டும் ஜாதிவாரியாக, ஒற்றை இலக்கம் பிசகாமல் இருக்கிறது.